காணாமல் போகும் எழுத்துரு: வினாத்தாளைக் காப்பாற்றும் வழிகள்

தேர்வு நெருங்கும் நாள்களில் பள்ளி அலுவலகத்தில் அடிக்கடி கேட்கும் குரல் இது: "சார், நீங்க அனுப்பின கொஸ்டின் பேப்பரைத் திறந்தா எல்லாம் கட்டம் கட்டமா வருது." வீட்டுக் கணினியில் அழகாகத் தெரிந்த வினாத்தாள் பள்ளிக் கணினியில் ஆங்கில எழுத்துகளின் குவியலாக நிற்கும். அல்லது இரண்டு பக்கத்தில் அடங்கியது மூன்றாம் பக்கத்துக்கு வழிந்திருக்கும். "வைரஸ் வந்துவிட்டது", "பென் டிரைவ் கெட்டுவிட்டது" என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கடைசியில் யாராவது ஒருவர் உட்கார்ந்து முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்வார்.

பெரும்பாலான நேரங்களில் அந்த உழைப்பு தேவையற்றது. கோப்பு கெட்டிருக்காது, அந்தக் கோப்பைக் காட்டத் தேவையான எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை, அவ்வளவுதான். ஆனால், அலங்கோலமாகத் தெரியும் வினாத்தாளைவிட ஆபத்தான ஒன்று உண்டு. சரியாக இருப்பது போலவே தோன்றி, ஓரிரு குறிகள் மட்டும் மாறிப்போன வினாத்தாள் அது. முதலாவதை யாரும் அச்சடிக்க மாட்டார்கள். இரண்டாவது அச்சாகி மாணவர் கைக்கே போய்விடும். இரண்டையும் கண்டறிந்து சரிசெய்யும் வழிகளை இக்கட்டுரையில் பார்ப்போம்.

கோப்பில் இருப்பது எழுத்தல்ல, எண்

நாம் "த" என்று தட்டச்சு செய்யும்போது கணினி அந்த வடிவத்தைச் சேமிப்பதில்லை. அதற்குரிய ஓர் எண்ணைத்தான் சேமிக்கிறது. அந்த எண்ணுக்கு எந்த வடிவத்தை வரைய வேண்டும் என்று சொல்லும் படத்தொகுப்புதான் எழுத்துரு. வேர்டு கோப்பிலும் பேஜ்மேக்கர் கோப்பிலும் வழக்கமாக எண்களும் எழுத்துருவின் பெயரும் மட்டுமே இருக்கும். எழுத்துரு தனிக் கோப்பாக நம் கணினியில் தங்கிவிடும். வினாத்தாளை அனுப்புகிறோம், அதை வாசிக்கும் கண்ணாடி நம்மிடமே இருந்துவிடுகிறது.

கேட்கும் எழுத்துரு இல்லையென்றால், மென்பொருள் தன்னிடம் உள்ள வேறோர் எழுத்துருவை அந்த இடத்தில் வைத்து எண்களை வாசிக்கிறது. ஆங்கிலக் கோப்பில் இதனால் பெரிய சேதம் வராது. ஓர் எழுத்துருவில் "ஏ"வுக்கு இருக்கும் எண்தான் பெரும்பாலான ஆங்கில எழுத்துருக்களிலும் இருக்கும். எழுத்தின் அழகு மாறும், எழுத்து மாறாது. பழைய தமிழ் எழுத்துருக்களில் நிலைமை வேறு.

தமிழில் ஏன் இத்தனை சிக்கல்?

பழைய எழுத்துருக்களில் மொத்தம் 256 இடங்களே உண்டு. அவற்றின் முதல் பாதி ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் குறிகளுக்கும் உரியது. தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ஒவ்வொருவரும் தமக்கு வசதியான இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தார்கள். பாமினி எழுத்துருவில் ஆங்கில "ஜே" எழுத்தின் இடத்தில் "த" அமர்ந்திருக்கிறது. "தமிழ்" என்ற சொல் அந்தக் கோப்பில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகத்தான் இருக்கும். பாமினி இருந்தால் தமிழ். இல்லையென்றால் ஆங்கில எழுத்துக் குவியல். வானவில் அவ்வையாரில் இடங்கள் வேறு. ஆகவே பாமினிக் கோப்பை வானவில் எழுத்துருவுக்கு மாற்றினாலும் சரியான தமிழ் வராது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையையும், டாம், டாப் என்ற இரு குறியீட்டு முறைகளையும் தரப்படுத்தியது. டாம் தமிழுக்கு மட்டும் உரியது. டாப் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுவதற்கு உரியது. இதற்கிடையில் உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் தரும் ஒருங்குறி, அதாவது யுனிகோடு, 1991இல் வெளியான முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. ஒருங்குறி வேலை செய்யாத அச்சு மென்பொருள்கள் போன்றவற்றுக்காக டேஸ்16 என்ற முறையையும் மாற்றாக ஏற்றது.

ஒருங்குறியில் "த"வின் எண் 2980. அந்த எண் வேறு எந்த மொழி எழுத்துக்கும் இல்லை. எந்த ஒருங்குறி எழுத்துருவைப் போட்டாலும் "த" "த"வாகவே இருக்கும். பழைய கோப்புகள் மட்டும் நம் கணினிகளில் இன்னும் பழைய முறையிலேயே கிடக்கின்றன. பத்தாண்டு வினாத்தாள் தொகுப்பைப் பாதுகாத்து வைத்திருக்கும் ஆசிரியர் எல்லாருக்கும் இந்தச் சிக்கல் உண்டு.

அறிகுறியைப் படியுங்கள்

காய்ச்சலின் வகை தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது. திரையில் என்ன தெரிகிறது என்பதைக் கவனித்தாலே கோளாறின் வகையைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

1. சாதாரண ஆங்கில எழுத்துகளும் இடையிடையே அரைப்புள்ளிகளும்: பாமினி வகைக் கோப்பு. எழுத்துருவை நிறுவினால் சரியாகிவிடும்.

2. தலையில் புள்ளியும் கோடும் கொண்ட ஐரோப்பிய எழுத்துகள்: கோப்பில் உள்ள ஆங்கிலச் சொற்கள் ஒழுங்காகத் தெரிந்து, தமிழ்ப் பகுதி மட்டும் இப்படித் தெரிந்தால் அது டாப் அல்லது டிஸ்கி வகையாக இருக்கலாம். சாதாரண ஆங்கில எழுத்துகளும் இவையும் ஒரே சொல்லுக்குள் கலந்து வந்தால் டாம் அல்லது வானவில் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். இவையும் எழுத்துருவை நிறுவினால் சரியாகும்.

3. வெற்றுக் கட்டங்கள்: அந்த எண்ணுக்குரிய வடிவம் கணினியில் உள்ள எந்த எழுத்துருவிலும் கிடைக்கவில்லை என்று பொருள். டேஸ்16 கோப்பாக இருக்கலாம். அல்லது மிகப் பழைய கணினியில் ஒருங்குறித் தமிழ் எழுத்துருவே இல்லாமல் இருக்கலாம்.

4. புள்ளிவட்டங்களும் இடம் மாறிய கொம்புகளும்: "கொ" என்பதில் கொம்பும் காலும் சேர்ந்து எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், மெய்யின் மேல் இருக்க வேண்டிய புள்ளி பக்கத்தில் தனியாக நிற்கும். இங்கு எழுத்துரு காணாமல் போகவில்லை. எழுத்துகளைக் கோத்துக் காட்டும் திறன் அந்த மென்பொருளில் இல்லை, அல்லது அந்த வசதி அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. புதிய எழுத்துருவைத் தேடி அலைவதில் பயனில்லை.

5. வரிசையாகக் கேள்விக்குறிகள்: இது மட்டும் உண்மையான இழப்பு. ஒருங்குறித் தமிழை, ஒருங்குறி அறியாத மென்பொருளில் ஒட்டினால் ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும். பழைய எண்கள் அழிந்து கேள்விக்குறியின் எண்ணே சேமிக்கப்பட்டிருக்கும். எந்த எழுத்துருவை மாற்றினாலும் தமிழ் திரும்ப வராது. மூலக் கோப்புக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கணினிக்கு மேல் ஒட்டி வைத்தால் போதும். அரை மணி நேரத் தேடல் மிச்சமாகும்.

முதல் வேலை: பெயரைக் கேளுங்கள்

எந்த எழுத்துரு வேண்டும் என்பதைக் கோப்பே சொல்லும். வேர்டில் அலங்கோலமான வரியின் நடுவே சொடுக்கிவிட்டு, மேலே எழுத்துருப் பெட்டியில் உள்ள பெயரைப் பாருங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் அங்கே இருக்கும். லிப்ரே ஆஃபீஸில் இல்லாத எழுத்துருவின் பெயர் சாய்வெழுத்தில் தெரியும். பி.டி.எஃப். கோப்பு என்றால் அக்ரோபேட் ரீடரில் கன்ட்ரோல் விசையுடன் "டி"யை அழுத்தி, "ஃபான்ட்ஸ்" என்ற பக்கத்தைப் பாருங்கள்.

பெயர் தெரிந்ததும் கோப்பை அனுப்பியவரிடமே அந்த எழுத்துருவைக் கேட்பது நல்லது. கண்ட இடத்தில் பதிவிறக்கினால் அதே பெயரில் வேறு பதிப்பு வந்து சேரலாம். விலை கொடுத்து வாங்கிய எழுத்துருவை மற்றவருக்குப் பகிர உரிமம் அனுமதிக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அனுமதி இல்லாதபோது அவரிடம் பி.டி.எஃப். கோப்பாகக் கேட்டுவிடலாம்.

எழுத்துரு வரும்வரை ஒரு விதியைக் கடைப்பிடியுங்கள்: அலங்கோலமாகத் தெரியும் கோப்பைச் சேமிக்காதீர்கள், முழுவதையும் தேர்ந்தெடுத்து வேறு எழுத்துருவுக்கு மாற்றாதீர்கள். மாற்றிவிட்டால் எந்த வரி எந்த எழுத்துருவில் இருந்தது என்ற குறிப்பே அழிந்துவிடும். முயற்சி செய்து பார்க்க வேண்டுமென்றால் நகலில் செய்யுங்கள்.

மென்பொருள் வாரியாகத் தீர்வு

வேர்டு: ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று சென்றால் "ஃபான்ட் சப்ஸ்டிடியூஷன்" என்ற பொத்தான் உண்டு. எந்த எழுத்துரு இல்லை, அதற்குப் பதிலாக எது வைக்கப்பட்டுள்ளது என்ற பட்டியல் அங்கே கிடைக்கும். பாமினிக்கு இணையான எழுத்துரு கையில் இருந்தால் அதையே மாற்றாகக் குறிக்கலாம். நிரந்தரமாக மாற்றும் பொத்தானை மட்டும் தொட வேண்டாம்.

பேஜ்மேக்கர்: எழுத்துரு இல்லாத கோப்பைத் திறந்தவுடன் "பனோஸ்" என்று தலைப்பிட்ட பெட்டி வரும். இல்லாத எழுத்துருவும் அதற்கு மாற்றும் அதில் இருக்கும். மாற்றம் தற்காலிகமா நிரந்தரமா என்றும் கேட்கும். அவசரத்தில் ஓகே அழுத்திவிடாமல் "டெம்பரரி" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் எழுத்துரு உள்ள கணினியில் கோப்பு பழையபடி திறக்கும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளியானது 2001இல். அது ஒருங்குறியை அறியாது. கைப்பேசியில் தட்டச்சு செய்த தமிழை அதில் ஒட்டினால் கேள்விக்குறிகள் வருவது இதனால்தான். பேஜ்மேக்கரில்தான் வேலை என்றால், உரையை முதலில் அங்கே பயன்படுத்தும் பழைய குறியீட்டுக்கு மாற்றிக்கொண்டு பிறகு ஒட்ட வேண்டும்.

இன்டிசைன்: எழுத்துரு இல்லாத பகுதி இளஞ்சிவப்புப் பின்னணியில் தெரியும். "டைப்" பட்டியலில் உள்ள "ஃபைண்ட் ஃபான்ட்" மூலம் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்கலாம். கோப்புக்குப் பக்கத்தில் "டாக்குமென்ட் ஃபான்ட்ஸ்" என்ற பெயரில் ஒரு கோப்புறை இருந்தால், அதற்குள் உள்ள எழுத்துருக்களை இன்டிசைன் தானே எடுத்துக்கொள்ளும். கணினியில் நிறுவவே வேண்டியதில்லை. நான்காம் அறிகுறி இங்கே தெரிந்தால், பத்திக்கான பட்டியலில் "வேர்ல்டு ரெடி கம்போசர்" தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். மிகப் பழைய டைப்1 வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2023 ஜனவரியில் நிறுத்திவிட்டது. கணினியில் எழுத்துரு இருந்தும் புதிய இன்டிசைன் "இல்லை" என்று சொன்னால் அது காரணமாக இருக்கலாம்.

ஸ்கிரைபஸ்: கட்டணமில்லாத மென்பொருள் என்பதால் பள்ளிகளுக்கு ஏற்றது. கோப்பைத் திறக்கும்போதே இல்லாத எழுத்துருக்களைப் பட்டியலிட்டு, எதை மாற்றாக வைக்கலாம் என்று கேட்கும். தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் திறன் இதன் 1.5.3 பதிப்பிலிருந்து உள்ளது. கொம்பு இடம் மாறினால் முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

நிறுவியும் தெரியவில்லையா?

எழுத்துருவைப் போட்டபின் மென்பொருளை முழுவதுமாக மூடித் திறக்க வேண்டும். அப்போதும் பட்டியலில் வரவில்லையென்றால் அது எப்படி நிறுவப்பட்டது என்று பாருங்கள். இன்றைய விண்டோஸ் 10, 11 கணினிகளில் வெறுமனே "இன்ஸ்டால்" கொடுத்தால் அப்போது உள்ளே இருக்கும் பயனருக்கு மட்டுமே எழுத்துரு நிறுவப்படும். வேறொரு பயனர் கணக்கில் நுழைந்தால் அது இருக்காது. சில பழைய மென்பொருள்களும் அதைக் காணாது. எழுத்துருக் கோப்பின்மேல் வலப்பக்கச் சொடுக்குச் செய்து "இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்" கொடுங்கள். பள்ளிக் கணினியில் இதற்கு நிர்வாகிக் கடவுச்சொல் தேவைப்படும். ஆகவே தேர்வுக்கு முந்தைய நாள் மாலைவரை காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு செய்தி. பழைய விண்டோஸ் கணினிகளில் இயல்பாக இருந்த லதா எழுத்துரு, விண்டோஸ் 10இல் கூடுதல் வசதியாக ஒதுக்கப்பட்டது. அதனால் லதாவில் தயாரித்த வினாத்தாள் புதிய கணினியில் நிர்மலா எழுத்துருவில் திறக்கலாம். தமிழ் சரியாகவே தெரியும். எழுத்தின் அகலம் மாறுவதால் வரிகள் உடையும், பக்கம் கூடும், பொருத்துக வினாவின் இரு பக்கங்களும் நேராக நிற்காது. செட்டிங்ஸில் "ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்" பகுதிக்குச் சென்று தமிழ்க் கூடுதல் எழுத்துருக்களைச் சேர்த்துவிட்டால் லதா திரும்பக் கிடைக்கும்.

கண்ணுக்குப் படாத மாற்றம்

அறிவியல், கணித ஆசிரியர்கள் இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஓம் குறி, மியூ, பை போன்ற கிரேக்கக் குறிகளை இடுவதற்குப் பலர் இன்றும் "சிம்பல்" என்ற எழுத்துருவைப் பயன்படுத்துகிறோம். அந்த எழுத்துருவைத் தேர்ந்து டபிள்யூ விசையை அழுத்தினால் ஓம் குறி வரும். சிறிய எம் அழுத்தினால் மியூ வரும். சிறிய பி அழுத்தினால் பை வரும். பழைய தமிழ் எழுத்துருக்களில் நடக்கும் அதே ஏற்பாடுதான் இது. கோப்பில் இருப்பது டபிள்யூ. மேலே போர்த்தியிருப்பது ஓம் வடிவம். யாராவது "எல்லாம் ஒரே எழுத்துருவில் இருக்கட்டும்" என்று முழுவதையும் தேர்ந்தெடுத்து மாற்றினால் போர்வை விலகிவிடும். வேறு கணினியில் எழுத்துரு மாற்றீடு நடந்தாலும், உரையை மட்டும் நகலெடுத்து ஒட்டினாலும் இதே விளைவு ஏற்படலாம்.

விளைவைப் பாருங்கள். "5 வோல்ட் மின்கலத்துடன், 10 ஓம் என்று குறிக்கப்பட்ட ஒரு கருவி இணைக்கப்பட்டுள்ளது. பாயும் மின்னோட்டம் என்ன?" என்பது வினா. விடை 0.5 ஆம்பியர். ஓம் குறி டபிள்யூவாக மாறி அச்சானால் மாணவர் அதை 10 வாட் என்று படிப்பார். திறனை மின்னழுத்தத்தால் வகுத்து 2 ஆம்பியர் என்று எழுதுவார். தன் கண்ணில் பட்ட வினாவுக்குச் சரியான விடையைத்தான் அவர் எழுதியிருக்கிறார். விடைக்குறிப்பில் 0.5 என்று இருப்பதால் மதிப்பெண் போய்விடும். அதுபோல 5 மைக்ரோ ஆம்பியர் என்பது 5 மில்லி ஆம்பியராக மாறினால் அளவு ஆயிரம் மடங்கு கூடிவிடுகிறது. தாளைப் பார்த்த எவருக்கும் சந்தேகம் வராது. கட்டமோ கேள்விக்குறியோ இருந்தால் கண்காணிப்பாளரிடம் கை தூக்கிக் கேட்கலாம். இதை யாரிடம் கேட்பது?

இதே போல் வேதியியல் சமன்பாட்டின் அம்புக்குறி, வட்டத்துக்குள் இருக்கும் பதிவு முத்திரைக் குறியாக மாறக்கூடும். விங்டிங்ஸ் எழுத்துருவில் இட்ட சரிக்குறி, தலையில் இரு புள்ளி கொண்ட ஆங்கில "யு"வாக மாறக்கூடும்.

தவிர்க்கும் வழி எளிது. கிரேக்கக் குறிகளுக்கும் கணிதக் குறிகளுக்கும் ஒருங்குறியில் சொந்த எண்கள் உண்டு. வேர்டில் இன்சர்ட், சிம்பல் சென்று, எழுத்துருப் பெட்டியில் "நார்மல் டெக்ஸ்ட்" என்பதை வைத்துக்கொண்டு அங்குள்ள கிரேக்கப் பகுதியிலிருந்து குறியை எடுங்கள். அந்தக் குறி எந்த எழுத்துருவிலும் ஓம் குறியாகவே இருக்கும். மிஞ்சிப்போனால் கட்டமாகத் தெரியும், டபிள்யூவாக மாறாது. முடிந்த இடங்களில் "10 ஓம்" என்று தமிழிலேயே எழுதிவிடுவது இன்னும் பாதுகாப்பு.

ஒருங்குறிக்கு மாற்றும்போது

பழைய வினாத்தாள் தொகுப்பை ஒருங்குறிக்கு மாற்றிவிட்டால் எழுத்துருத் தேடல் பெருமளவு குறையும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கட்டணமில்லா மென்பொருள்கள் பாமினி, டாப், டாம், வானவில் எனப் பல முறைகளிலிருந்தும் மாற்றித் தருகின்றன. மாற்றியபின் மூன்று இடங்களைச் சரிபார்க்க வேண்டும்.

முதலாவது, இடையில் வரும் ஆங்கிலம். பாமினி வகையில் தமிழும் ஆங்கிலமும் ஒரே எண்களைப் பயன்படுத்துவதால், வேதி வாய்பாடுகளும் அலகுகளும் ஆங்கிலக் கலைச்சொற்களும் தமிழ் எழுத்துகளாக மாறிப்போகும். ஆங்கிலப் பகுதியை ஒதுக்கிவைத்துத் தமிழை மட்டும் மாற்றுங்கள்; அல்லது மூலத்தைப் பக்கத்தில் வைத்துத் திருத்துங்கள்.

இரண்டாவது, "ர்" என்ற எழுத்து. தட்டச்சுப் பழக்கத்தால் சிலர் "ர்" போடும் இடத்தில் துணைக்காலும் புள்ளியும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். பழைய எழுத்துருவில் பார்வைக்கு வேறுபாடு தெரியாது. ஒருங்குறியில் அது தவறான எழுத்துக்கோவை. தேடினால் அந்தச் சொல் கிடைக்காது. சொற்பிழைத் திருத்தியும் குழம்பும். கண்டுபிடித்து மாற்றும் வசதியால் ஒரே முறையில் சரிசெய்துவிடலாம்.

மூன்றாவது, "ஔ" எழுத்தும் அதன் குறியும். பழைய கோப்புகளில் ஒகரத்தோடு ளகரத்தைச் சேர்த்தே இதை எழுதியிருப்பார்கள். "ஔவையார்", "பௌர்ணமி" போன்ற சொற்களைத் தனியாகப் பாருங்கள்.

இனிப் புதிதாகத் தயாரிப்பவற்றுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேடமரன், ஹிந்த் மதுரை போன்ற திறந்த உரிம எழுத்துருக்களைப் பயன்படுத்தலாம். இவற்றை எத்தனை கணினிகளிலும் நிறுவலாம். சக ஆசிரியருக்குக் கோப்போடு சேர்த்தே அனுப்பலாம்.

அனுப்பும் முன்

அச்சடிக்க மட்டும் கொடுக்கும் கோப்பு பி.டி.எஃப். ஆகவே போகட்டும். அதிலும் எழுத்துரு உள்ளே பதிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலே சொன்ன "ஃபான்ட்ஸ்" பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் "எம்பெடட்" அல்லது "எம்பெடட் சப்செட்" என்று இருந்தால் கவலையில்லை. அந்தச் சொல் இல்லாத பெயர் ஒன்று இருந்தாலும் அது ஜெராக்ஸ் கடைக் கணினியில் காலை வாரலாம்.

மற்றவர் திருத்த வேண்டிய வேர்டு கோப்பு என்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் பகுதியில் "எம்பெட் ஃபான்ட்ஸ் இன் தி ஃபைல்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன்கீழ் உள்ள "பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் பதி" என்ற பொருள்தரும் பெட்டியைக் காலியாக விடுங்கள். இல்லையென்றால் அவர் புதிய சொல்லைச் சேர்க்கும்போது எழுத்து கிடைக்காமல் போகலாம். லிப்ரே ஆஃபீஸில் இதே வசதி ஃபைல், ப்ராப்பர்டீஸ், ஃபான்ட் என்ற பக்கத்தில் உள்ளது. சில எழுத்துருக்களில் இவ்வாறு பதிக்க உரிமத் தடை இருக்கும்; அவை பதியாது.

பள்ளி ஆண்டுமலரை அச்சகத்துக்குக் கொடுக்கும்போது கோப்பை மட்டும் எடுத்துச் செல்லாதீர்கள். இன்டிசைனில் "பேக்கேஜ்", ஸ்கிரைபஸில் "கலெக்ட் ஃபார் அவுட்புட்", பேஜ்மேக்கரில் "சேவ் ஃபார் சர்வீஸ் புரொவைடர்" என்ற கட்டளைகள் கோப்பையும் படங்களையும் எழுத்துருக்களையும் ஒரே இடத்தில் சேர்த்துத் தரும். அதனோடு ஒரு பி.டி.எஃப். நகலையும் வைத்துவிட்டால் அச்சகத்தார் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

வகுப்பறையில் ஒரு செயல்பாடு

ஆறு முதல் எட்டு வகுப்பு மாணவர்களுக்குக் கணினி இல்லாமலே இதைப் புரியவைக்கலாம். வகுப்பை இரு குழுக்களாகப் பிரித்து ஆளுக்கோர் அட்டை கொடுங்கள்.

முதல் குழுவின் அட்டை: 1 - ப, 2 - க, 3 - ட, 4 - ல், 5 - ம்.
இரண்டாம் குழுவின் அட்டை: 1 - க, 2 - ம, 3 - ர, 4 - ண், 5 - ம்.

கரும்பலகையில் "2, 3, 4" என்று எழுதுங்கள். முதல் குழு "கடல்" என்று படிக்கும். இரண்டாம் குழுவுக்கு "மரண்" என்று வரும். பொருள் தெரியாமல் விழிப்பார்கள். அட்டை மாறினால் எழுத்து மாறும் என்பது இதிலிருந்தே புரிந்துவிடும். அடுத்து "1, 4" என்று எழுதுங்கள். ஒரு குழு "பல்" என்னும்; மறு குழு "கண்" என்னும். "2, 4" எழுதினால் ஒரு பக்கம் "கல்", மறுபக்கம் "மண்". இரு குழுவும் தாங்கள் படித்ததே சரி என்று வாதாடும்.

இப்போது கேளுங்கள்: "இரண்டில் எது ஆபத்தான தவறு? மரண் என்று வந்ததா, கண் என்று வந்ததா?" முதலாவது தவறு தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது, இரண்டாவது ஒளிந்துகொள்கிறது என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள். ஓம் குறி டபிள்யூவாக மாறும் எடுத்துக்காட்டை அப்போது சொன்னால் மனதில் நிற்கும். நிறைவாக, "இரு குழுவுக்கும் ஒரே அட்டை கொடுத்தால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். அந்த விடைதான் ஒருங்குறி.

பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் பேஜ்மேக்கர் இடம்பெற்றிருப்பதால், அம்மாணவர்களிடம் ஒரே வரியைப் பாமினியிலும் ஒருங்குறியிலும் தட்டச்சு செய்யச் சொல்லி, இரண்டையும் ஆங்கில எழுத்துரு ஒன்றுக்கு மாற்றி ஒப்பிடச் சொல்லலாம். பாமினி வரி ஆங்கிலமாகிவிடும். ஒருங்குறி வரி தமிழாகவே நிற்கும்.

பள்ளி அளவில் ஓர் ஏற்பாடு

இவ்வளவையும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி அளவில் நான்கு முடிவுகளை எடுத்தால் போதும்.

ஒன்று, புதிய வினாத்தாள் அனைத்தும் ஒருங்குறியில், ஆசிரியர் கூட்டத்தில் பேசி முடிவுசெய்த ஒரே எழுத்துருவில் இருக்கட்டும். இரண்டு, அந்த எழுத்துருவையும், பழைய கோப்புகளுக்குத் தேவையான உரிமம் உள்ள எழுத்துருக்களையும் பள்ளிக் கணினிகள் அனைத்திலும் எல்லாப் பயனர்களுக்கும் நிறுவி வைக்கலாம். மூன்று, பழைய தொகுப்பை ஒரே நாளில் மாற்ற முயல வேண்டாம். தேவைப்படும்போது எடுக்கும் கோப்பை மாற்றிச் சேமித்துக்கொண்டே போனால் ஓரிரு ஆண்டுகளில் பெரும்பகுதி முடிந்துவிடும். மாற்றிய பிறகும் மூலக் கோப்பை அழிக்காமல் தனிக் கோப்புறையில் வைத்திருங்கள்.

நான்காவது, படி எடுப்பதற்கு முன் முதல் அச்சுத்தாளை வினா எழுதிய ஆசிரியரே கையில் வாங்கிப் படிக்கட்டும். திரையில் பார்ப்பது போதாது. தாளில் அலகுகளையும் குறிகளையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படிக்க வேண்டும். பத்து நிமிட வேலை. ஓம் குறி எங்கே இருக்க வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். கணினிக்கும் ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் அது தெரியாது.